செய்முறைப் பகுதி, இரண்டாவது பத்தி

“இன்னைக்கு எவ்வளவு?”

“நாலு கூடியிருக்கு.”

“நாலுதானா? அப்ப டீ நீயே போட்டுக்கோ. அஞ்சுக்கு மேல போனாத்தான் நான் போடுவேன்னு ஒப்பந்தம்.”

“நேத்து நிறைய கூடுச்சே. அந்த மிச்சத்தை இன்னைக்குச் சேத்துக்குங்க.”

“அதெல்லாம் செல்லாது டாக்டரம்மா. நேத்து குடிச்ச டீ நேத்தோட போச்சு.”

எங்கள் வீட்டில் பொழுது இப்படித்தான் விடியும். இவ்வளவும் பேசிவிட்டு என் கணவர்தான் டீ போடுவார். எண்ணிக்கை கூடினாலும் போடுவார், கூடாவிட்டாலும் போடுவார். நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் மேடம். எங்களுக்குள் ஏதோ மனக்கசப்பு இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே இந்த விசாரணையில் எல்லோரும் கேள்வி கேட்கிறார்கள். சொத்துத் தகராறா, வேறு பெண் தொடர்பா என்று நீங்களும் கேட்டீர்கள். அப்படி எதுவும் இல்லை. அவரை எனக்கு மிகவும் பிடிக்கும். நீங்கள் எழுதித் தரச் சொன்னதால், ஆற அமர எழுதுகிறேன்.

அவர் கேட்ட அந்த எண்ணிக்கையைப் பற்றிச் சொன்னால்தான் மற்றதெல்லாம் புரியும். ஒரு ஆராய்ச்சியாளர் கட்டுரை எழுதினால், உலகத்தில் வேறு யாராவது தங்கள் கட்டுரையில் அதை மேற்கோள் காட்ட வேண்டும். எத்தனை பேர் காட்டினார்கள் என்பதை ஒரு இணையதளம் அன்றாடம் கணக்கெடுத்துச் சொல்லும். எங்கள் துறையில் பதவி, பேர், வெளிநாட்டு அழைப்பு, சாப்பாட்டு மேசையில் எந்த நாற்காலி என்பது வரைக்கும் அந்த எண்ணிக்கைதான் முடிவு செய்யும். பெண்கள் சிலர் எடை பார்க்கும் மெஷினில் ஏறி நிற்பார்கள் அல்லவா, அது மாதிரி நான் காலையில் எழுந்ததும் அதைப் பார்ப்பேன்.

அவரை நான் முதன்முதலில் பார்த்தது எங்கள் ஆஸ்பத்திரியில், இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோ அறையில். அப்போது நான் பயிற்சி மருத்துவர். திரை மறைப்புக்குப் பின்னால் ஒருவர் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தார், முதுகுதான் தெரிந்தது. நெஞ்சில் கருவியை வைத்ததும் திரையில் அவருடைய இதயம் வந்தது. அவ்வளவு தடித்த இதயச் சுவரை நான் பாடப்புத்தகத்தில்தான் பார்த்திருந்தேன். பிரமித்துப்போய் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தை அதற்கப்புறம்தான் பார்த்தேன். கல்யாணமான பிறகு யார் வந்தாலும் இதைச் சொல்லிச் சிரிப்பார். “ஊர் உலகத்துல எல்லாரும் மூஞ்சியைப் பாத்துக் கட்டிக்குவாங்க. இவ ஒருத்திதான் நேரா இதயத்தைப் பாத்துக் கட்டிக்கிட்டா.”

உண்மைதான். அந்த இதயத்தை எனக்குப் பிடித்திருந்தது.

அது பரம்பரையாக வரும் நோய். இதயத்தின் சுவர் வருடாவருடம் தடித்துக்கொண்டே போகும். உள்ளே ரத்தம் நிற்க இடம் குறையும். மூச்சு வாங்கும், படபடக்கும், ஒருநாள் துடிப்பு தாளம் தப்பி நின்றாலும் நிற்கும். அவருக்கு இருந்தது, அவருடைய தங்கைக்கும் இருந்தது. பிறகு எங்கள் மகளுக்கும் வந்தது.

வேறு ஒரு நோய்க்காகக் கொடுத்துவந்த பழைய மாத்திரை ஒன்று, குறிப்பிட்ட அளவில் கொடுத்தால், இந்தச் சுவரை மெலியச் செய்கிறது என்று நான் கண்டுபிடித்தேன். என் இளமை முழுக்க அதில்தான் போனது. வீட்டில் மூன்று பேருக்கும் அந்த மாத்திரைதான். வாரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து, ஏழு தடுப்பு வைத்த மூன்று டப்பாக்களில் நான் நிரப்பி வைப்பேன். மூன்று பேருக்கும் சுவர் மெலிந்தது. ஆஸ்பத்திரியிலும் பலருக்குக் கொடுத்து, கட்டுரை எழுதினேன். எண்ணிக்கை நன்றாகத்தான் ஏறியது. பிறகு களைத்துப்போனது மாதிரி ஒரு இடத்தில் நின்றுவிட்டது.

அது ஏன் நின்றது என்பதை எனக்கு ஒரு கருத்தரங்கில் புரியவைத்தார்கள். எங்கள் துறையில் ஒரு பேராசிரியர் இருக்கிறார். அவருடைய ஒரே கட்டுரையைப் பத்தாயிரம் பேருக்கு மேல் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். அதனால் அவரைப் பத்தாயிரத்தார் என்றுதான் சொல்வோம், அவர் காதுபடவே. நான் பேசி முடித்ததும் அவர் முதல் வரிசையில் உட்கார்ந்தபடியே கேட்டார்.

“மாத்திரையால மெலிஞ்சுதா, தானா மெலிஞ்சுதா?”

“மாத்திரையாலதான் சார்.”

“எப்படித் தெரியும்? நிறுத்திப் பாத்தீங்களா? நிறுத்தினா மறுபடி தடிக்குதான்னு பாக்கணும். அப்புறம் மறுபடி குடுத்து மெலியுதான்னு பாக்கணும். அதுவரைக்கும் இது நம்பிக்கை, விஞ்ஞானம் இல்ல.”

அரங்கத்தில் ஒருவர் இருமினார். இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் கேட்டது நியாயமான கேள்வி. நியாயமான கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடுகிற பழக்கம் எனக்கு இல்லை.

நெறிமுறைக் குழுவிடம் கேட்டேன். குணமாகிக்கொண்டிருக்கும் நோயாளியின் மருந்தை நிறுத்த அனுமதி கிடையாது என்றார்கள். அதுவும் நியாயம்தான். ஆனால் ‘நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தல்’ என்று விண்ணப்பித்தபோது உடனே கையெழுத்துப் போட்டார்கள். கவனிப்பதை யார் வேண்டாம் என்பார்கள்?

மருந்துச் சோதனை செய்கிறவர்களிடம் வெற்று மாத்திரை என்று ஒன்று இருக்கும். நிறம், வடிவம், மேலே பதித்த கோடு எல்லாம் அசல் மாதிரியே. உள்ளே மருந்து இருக்காது, மாவுதான். பழைய சோதனை ஒன்றில் மிஞ்சியவற்றை அழிக்கும் பொறுப்பு என்னுடையது. நான் அழிக்கவில்லை.

நானே தயாரித்த ஒப்புதல் படிவத்தை என் கணவர் கடையில் வைத்துத்தான் நீட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். யாருக்கோ சட்டத்தை வளைத்துச் சரிபண்ணிக்கொண்டிருந்தார்.

“என்னது, வீட்டை எழுதி வாங்கறியா?”

“உங்க இதயத்தை.”

“அது என்னைக்கோ எழுதிக் குடுத்தாச்சே,” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். எந்த நேரத்திலும் முன்னறிவிப்பு இல்லாமல் வெற்று மாத்திரை தரப்படலாம் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. ஊருக்கே கண்ணாடி போட்டுவிடுகிறவர் அதைப் படிக்கவில்லை. அது என் தவறாகாது என்று நினைக்கிறேன்.

அடுத்த வாரத்திலிருந்து அவர் டப்பாவில் வெற்று மாத்திரை வைத்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கடையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றாமலே உட்கார்ந்துவிடுவார். மாடிப்படியில் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார். “இந்தப் படிக்கட்டு வளருது. வீடு கட்டினவன் உரம் போட்டிருக்கான் போல,” என்பார். நான் சிரித்தேன். சிரிக்கும்படியாகத்தான் சொல்வார். மாதம் ஒருமுறை எக்கோ அறைக்குக் கூட்டிப்போய் அளந்தேன். மாத்திரையை நிறுத்தியதும் சுவர் தடித்தது. பிறகு அசல் மாத்திரைக்கு மாற்றினேன். மெலிந்தது. அதைவிட அழகான ஒரு கோட்டை நான் வரைபடத்தில் பார்த்ததில்லை. ஏறி, இறங்கி, மலை மாதிரி.

“உன் மாத்திரை கைகண்ட மருந்துடி,” என்றார் அவர், மறுபடி ஒரே மூச்சில் மாடி ஏறிய அன்று. மனசு நிறைந்து போயிற்று.

கட்டுரை வந்தது. அந்த மாதம் முழுக்க டீ அவர்தான். நான் கேட்காமலே பிஸ்கட்டும் வரும்.

ஆனால் பத்தாயிரத்தார் விடவில்லை. போனில் கூப்பிட்டு, நல்லவிதமாகத்தான் பேசினார். “பிரமாதம்மா. ஆனா ஒருத்தரை வச்சு என்ன சொல்றது? ஒருத்தருக்கு நடந்தா அது கதை. ரெண்டு பேருக்கு, அதே மாதிரி, திரும்பத் திரும்ப நடந்தாத்தான் சான்று.”

என் நாத்தனார் எங்கள் மாடியில்தான் இருந்தாள். புருஷனை விட்டு வந்தவள். ஜன்னல் திரை தைத்துப் பிழைத்தாள். யாரிடமும் கை நீட்ட மாட்டாள், என்னிடம் மட்டும் உரிமையாகச் சண்டை போடுவாள். அண்ணன் கையெழுத்துப் போட்டிருக்கிறான் என்றதும் அவளும் போட்டாள்.

அவளுக்கு அவரைவிடச் சீக்கிரமே அறிகுறிகள் வந்தன. ஒருநாள் தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“அண்ணி, மாத்திரையை மாத்திட்டீங்களா? நெஞ்சுக்குள்ள மெஷின் ஓடற மாதிரி படபடன்னு இருக்கு.”

“அதே மாத்திரைதான். பாரு, அதே கோடு போட்டிருக்கு.”

“என்னவோ போங்க. ரெண்டு தடவை கண்ணைக் கட்டிக்கிட்டு வந்துடுச்சு.”

“ஒழுங்கா சாப்பிடறதில்ல நீ. திரையையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா கண்ணைக் கட்டாம என்ன செய்யும்?”

“அண்ணனை மட்டும் தாங்கு தாங்குன்னு தாங்குங்க. நாத்தனார்னா இளக்காரம்,” என்று சிரித்தாள்.

இளக்காரம் இல்லை. சொல்லப்போனால் அவளுடைய அளவுகள் அவருடையதைவிட நேர்த்தியாக வந்துகொண்டிருந்தன. ஒரு அளவு மட்டும் பாக்கி. அது திங்கட்கிழமை எடுக்க வேண்டியது. வெள்ளிக்கிழமை மதியம் அவள் மெஷின் மேல் கவிழ்ந்து கிடந்ததை என் மகள்தான் பார்த்தாள். காலுக்கடியில் நீலத் திரைத்துணி முழுவதும் சரிந்திருந்தது. நான் ஓடிப்போய் நாடி பார்த்தேன். அந்த நிமிஷம் எனக்கு என்ன தோன்றியது என்று நீங்கள் கேட்டீர்கள். வியாழக்கிழமையே அளந்திருக்கலாமே என்று தோன்றியது. அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

என் கணவர் அதிலிருந்து மீள நெடுநாள் ஆனது. மேல்மாடியில் மெஷின் சத்தம் கேட்கவில்லையே என்று சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்துபோவார். ராத்திரியில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். என்னைக் கல்நெஞ்சக்காரி என்று பத்திரிகையில் எழுதியவர்களுக்கு இதெல்லாம் தெரியாது.

ஒருவருடைய அளவு பாதியில் நின்றுபோனதால், இன்னொருவரிடம்தான் திரும்பச் செய்ய வேண்டும். வீட்டில் மிச்சமிருந்தது அவரும் மகளும். மகளைத் தொட எனக்கு மனம் வரவில்லை. பெற்ற பிள்ளை. அவளுடைய டப்பாவில் எப்போதும் அசல் மாத்திரைதான் வைத்தேன், ஒருநாள்கூடத் தவறியதில்லை. தவிர, ஒப்பிட்டுப் பார்க்க ஒருவர் மாறாமல் இருக்க வேண்டும்.

எனவே அவர்தான். ஆனால் உடனே தொடங்கவில்லை. துக்கத்தில் இருக்கிறவருக்கு இதயத் துடிப்பு இயல்பாகவே மாறியிருக்கும், அளவு தப்பாகிவிடும். அவர் தேறும்வரை நான் பொறுமையாக இருந்தேன். அவருக்குப் பிடித்ததைச் சமைத்தேன். மாலையில் கைகோர்த்து நடக்கக் கூட்டிப்போனேன். ஒருநாள் காலையில் அவராகவே டீயைக் கொண்டுவந்து வைத்து, “இன்னைக்கு எவ்வளவு?” என்று கேட்டுச் சிரித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வாரமே தொடங்கினேன்.

இந்த முறை வேகமாகப் போயிற்று. கடைக்குப் போவதை நிறுத்தினார். பேச்சு குறைந்தது. கடைசி அளவுக்கு அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனேன். அதே எக்கோ அறை. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தார். “வலிக்குதாங்க?” என்று கேட்டேன். “நீ பாத்துக்கிட்டுத்தானே இருக்கே, எனக்கென்ன பயம்,” என்றார். மறுநாள் மத்தியானம் நாற்காலியிலேயே போய்விட்டார். தங்கை செய்தது மாதிரி இல்லை. அளவு எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார். கடைசிவரைக்கும் அவர் அப்படித்தான், யாருக்கும் பாக்கி வைக்காத மனிதர்.

நான் எதையும் மறைத்தேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளக் கூடாது மேடம். கடைசிக் கட்டுரையில், செய்முறைப் பகுதியில், இரண்டாவது பத்தியில் எல்லாம் இருக்கிறது. முதலாமவர் கடைக்காரர், இரண்டாமவர் அவருடைய தங்கை. இருவருக்கும் தெரியாமல் வெற்று மாத்திரை கொடுக்கப்பட்டது. அறிகுறிகள் தோன்றிய பின்னும் தொடரப்பட்டது. இருவரும் அந்தக் காலத்திலேயே இறந்தார்கள். எளிய வாக்கியங்களில் எழுதியிருக்கிறேன். அதை வெளியிட்ட பத்திரிகையின் ஆசிரியர் பார்த்தார், மதிப்பீடு செய்தவர்கள் பார்த்தார்கள். உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கானவர்கள் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டினார்கள். ஒருவர்கூட அந்தப் பத்தியைப் பற்றி ஒரு வரி எழுதிக் கேட்கவில்லை. எங்கள் ஆட்கள் கட்டுரையின் தலைப்பைப் படிப்பார்கள், சுருக்கத்தைப் படிப்பார்கள், படத்தைப் பார்ப்பார்கள், மேற்கோள் காட்டிவிடுவார்கள். செய்முறைப் பகுதியை யாரும் படிப்பதில்லை. என் எண்ணிக்கை பத்தாயிரத்தாரைத் தாண்டிய அன்று அவரே கூப்பிட்டு, “உங்க செய்முறை இருக்கே, அது ஒரு பாடம்,” என்றார். அவரும் படித்திருக்கவில்லை.

படித்தது என் மகள் ஒருத்திதான். அவள் டாக்டர் இல்லை, வானொலியில் செய்தி வாசிக்கிறவள். எனக்கு ஒரு விருது கொடுக்கும் விழா வைத்திருந்தார்கள். அப்பா நினைவாக அந்தக் கட்டுரையிலிருந்து நாலு வரி மேடையில் வாசிக்க ஆசைப்பட்டாள். எதையும் முழுக்கப் படித்துப் பார்க்காமல் சத்தமாக வாசிக்க மாட்டாள், தொழில் பழக்கம். புரியாத சொற்களுக்கு அகராதி பார்த்து, முதல் வார்த்தையிலிருந்து கடைசி வரைக்கும் படித்திருக்கிறாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது தாள்களோடு வந்து நின்றாள்.

“அம்மா, இந்த ரெண்டாவது நோயாளி, அத்தையா?”

“ஆமா.”

“அப்ப முதலாவது?”

நான் பதில் சொல்லுமுன் அவளே உட்கார்ந்துவிட்டாள். “வேற யாராவது இதைப் படிச்சிருக்காங்களாம்மா?”

“படிச்சிருக்க மாட்டாங்கன்னுதான் நினைக்கிறேன்.”

“என் டப்பாவுல என்ன இருக்கு?”

“உனக்கு எப்பவும் அசல்தான்மா. சத்தியமா.”

அவள் நம்பவில்லை. அன்றே வீட்டை விட்டுப் போனாள், உங்களிடம் வந்தாள். அதற்கப்புறம் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

இன்றைக்கு அவள் என்னைப் பார்க்க வந்தபோது நீங்கள் கதவருகே நின்றிருந்தீர்கள். அவள் எதிரே உட்கார்ந்து மூச்சு திரும்ப நேரம் எடுத்ததைக் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. நான் கவனித்தேன். கழுத்து நரம்பு துடிப்பது தெரிந்தது. விரல் நுனிகள் லேசாக வெளுத்திருந்தன.

“மாத்திரை சாப்பிடறியா?”

“இல்ல.”

“எப்பலேர்ந்து?”

“வீட்டை விட்டுப் போனதுலேர்ந்து. எந்த டாக்டர் குடுத்தாலும் வாயில வைக்க முடியலம்மா. கோட்டைப் பாத்தாலே உன் முகம்தான் தெரியுது.”

மூன்று மாதத்துக்கு மேல். மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். அவள் அழவில்லை. மேசை விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே கேட்டாள்.

“அப்பா கஷ்டப்பட்டதைப் பாத்துக்கிட்டேதானே இருந்தே. ஒருநாள்கூட நிறுத்தணும்னு தோணலையா?”

“அப்பாவுக்கு என் வேலைமேல எவ்வளவு பெருமை, உனக்குத் தெரியாதா?”

அவள் நாற்காலியைத் தள்ளி எழுந்தாள். எழுந்ததும் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

அவளிடம் கேட்க வேண்டும் என்று ஒன்றை நெடுநாளாக மனதிலேயே வைத்திருந்தேன். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோதே கேட்க நினைத்ததுதான். தாய் மனம், கேட்க வரவில்லை. இப்போது நான் எதுவும் செய்யாமல், அவளாகவே நிறுத்தியிருக்கிறாள். இதில் என் தவறு என்று யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. இந்த நேரத்தில் கேட்காவிட்டால் இனி எப்போதுமே கேட்க முடியாது என்று தோன்றியது.

“உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்மா,” என்றேன்.

திரும்பிப் பார்த்தாள். கண்கள் அப்போதுதான் நிறைந்தன. நான் மன்னிப்புக் கேட்கப்போகிறேன் என்று நினைத்திருப்பாள், பாவம்.

“கேளு.”

“நாளைக்கே மாத்திரையை ஆரம்பிச்சுடு கண்ணு, இனிமே ஒருநாள்கூட விடாதே. ஆனா முதல் மாத்திரையைப் போடறதுக்கு முன்னாடி, எக்கோ அறைக்குப் போய் ஒரே ஒரு அளவு எடுத்துக் குடுத்துடு.”